நான்கு அடெலின்கள்: வர்ஜீனியா வுல்ஃபின் தாய் ஜூலியா ஸ்டீபனின் குடும்ப வழி

வர்ஜீனியா வுல்ஃபின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய அக்காள் மகன் குவெண்டின் பெல் 1972-இல் வெளியிட்டபோது ஸ்டீபன் குலத்திலிருந்து தொடங்கினார். தந்தை வழியில் எழுத்தும் சட்டமும் குவிந்து கிடந்ததால் அந்தத் தொடக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. பாட்டனார் சர் ஜேம்ஸ் ஸ்டீபன் பிரிட்டிஷ் காலனி அலுவலகத்தின் தூண். 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தை வரைந்தவர். பெரியப்பா ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் கல்கத்தாவில் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக இருந்து 1872-இல் ஆக்கிய இந்தியச் சாட்சியச் சட்டம் 2024 வரை நம் நீதிமன்றங்களை ஆண்டது. தந்தை லெஸ்லி ஸ்டீபன் ஆங்கிலேயரின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு முதல் பதிப்பாசிரியர். இவ்வளவும் ஆவணமாக நிற்க, தாய் வழிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல்: அழகு.

ஜூலியா ஸ்டீபன் அழகியாக இருந்தார், அன்பாக இருந்தார், நோயாளிகளைக் கவனித்தார், 49 வயதில் இறந்தார், மகளின் 'டு த லைட்ஹவுஸ்' நாவலில் திருமதி ராம்ஸே ஆனார். ஆய்வுலகம் நெடுங்காலம் இந்த வரிசையோடு நிறைவடைந்துவிட்டது. என் வாதம் வேறு. ஜூலியாவின் அழகைப் பற்றிய பேச்சு ஒரு குடும்பத்தின் சமூக வரலாற்றை மூடிவைத்த துணி. புதுச்சேரியிலும் கல்கத்தாவிலும் உருவான, மரபுவழி ஐயத்துக்குரிய ஒரு வெள்ளையர் குடும்பம் இங்கிலாந்தின் மேல்தட்டுக்குள் நுழைய அழகே கடவுச்சீட்டாகப் பயன்பட்டது. அந்தக் கடவுச்சீட்டைச் சுமக்கும் பொறுப்பு மூன்றாம் தலைமுறையில் ஜூலியாவின் தலையில் விழுந்தது. பார்க்கப்படுவதையே வேலையாகப் பெற்ற அவர், நோயறைகளில் பார்ப்பவராகத் தம்மை மாற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினார். வுல்ஃபின் எழுத்தில் தாய் வழி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் அவருடைய முகச்சாயலை விட்டுவிட்டு இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து தொடங்குவோம். ஜூலியாவின் கொள்ளுத்தாத்தா அந்துவான் தெ லெத்தாங் 1757-இல் பிறந்தவர்; வெர்சாய் அரண்மனையில் மரி அந்துவானெத் அரசியின் ஏவல் இளைஞராக இருந்தார் என்பது குடும்பக் கதை. அரசி மீது காதல் கொண்டார், அதனால் கடல் கடத்தப்பட்டார் என்பது அந்தக் கதையின் மேற்பூச்சு. மேற்பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் குதிரைகளை நன்கறிந்த ஒரு படையதிகாரி தென்படுகிறார். அவர் 1788-இல் புதுச்சேரியில் தெரேஸ் ஜோசெஃப் பிளேன் தெ கிரேன்கூரை மணந்தார். 1793-இல் அவர்களுக்கு அடெலின் என்ற மகள் பிறந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் அலை பாரிஸில் அரசியின் தலையை வாங்கிய ஆண்டும் அதுதான். தெ லெத்தாங் பிறகு வடக்கே போய் அவத் நவாபின் பணியில் குதிரைகளைக் கவனித்து, 1840-இல் காஜிப்பூரில் இறந்தார். அரசியின் காதலர் என்ற கதை எப்போது தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. லாயத்துக்காரரின் பேத்தி என்பதைவிட நாடுகடத்தப்பட்ட வீரரின் பேத்தி என்பது வரவேற்பறையில் எடுபடும்.

தெரேஸைப் பற்றித்தான் இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் சிலரே. கம்பெனி ஊழியரும் படையினரும் மணந்தது பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த கிறித்தவக் குடும்பங்களில். அக்குடும்பங்களில் போர்த்துகீசிய, தமிழ், வங்காளத் தாய்மார் கலந்திருந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு ஆளுநர் தூப்ளேயின் மனைவி ழான் நினைவிருப்பார். அவரே தாய் வழியில் இந்திய–போர்த்துகீசியக் கலப்பில் வந்தவர். கோட்டைக்குள் அதிகாரம் செலுத்தவும் தமிழில் பேசவும் அது அவருக்குத் தடையாக இருந்ததில்லை. பின்னாளில் ஆங்கிலேய ஆட்சி இறுகிய பிறகுதான் இத்தகையோர் 'சட்டைக்காரர்' என்று தனியே ஒதுக்கப்பட்டனர்.

வில்லியம் டால்ரிம்பிள் தம் 'வொயிட் முகல்ஸ்' நூலில் தம் சொந்தக் குடும்பத்தின் மூதாதை ஒருவரைக் குறிப்பிடுகிறார்: கத்தோலிக்க மதம் தழுவி, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு அதிகாரியை மணந்த, சந்திரநாகூரைச் சேர்ந்த வங்காளப் பெண். டால்ரிம்பிள், வர்ஜீனியா வுல்ஃபின் பாட்டியினுடைய தங்கை சோஃபியாவின் வழியில் வந்தவர். ஆகவே அந்த மூதாதை வுல்ஃபுக்கும் மூதாதை. இதை வைத்து வுல்ஃபை 'நம்மவர்' ஆக்கும் ஆசை சிலருக்கு எழும். அந்த ஆசையில் எனக்குப் பங்கில்லை. இரத்தத்தைப் பின்னக் கணக்குப் போட்டுப் பிரிப்பது சாதிக்காரர் வேலை; இலக்கிய ஆய்வுக்கு அதனால் பயனில்லை. நமக்குப் பயன்படும் செய்தி, அந்தக் குடும்பம் இந்த வேரை எப்படிக் கையாண்டது என்பதே. பிரெஞ்சு வேரை உரக்கச் சொன்னது. இந்திய வேரைச் சொல்லவில்லை.

இவையெல்லாம் ஜூலியாவுக்குத் தொலைதூரத் தொன்மங்கள் அல்ல. புதுச்சேரியில் மணமுடித்த தெரேஸ் முதுமையில் வெர்சாயில் குடியேறி, தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1866-இல்தான் இறந்தார். அப்போது கொள்ளுப்பேத்தி ஜூலியாவுக்கு வயது 20. ஜூலியாவின் தாயும் சித்தி பெரியம்மாக்களும் குழந்தைப் பருவத்தில் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டு வளர்ந்த இடம் அந்தப் பாட்டியின் வீடு. கல்கத்தாவின் வெயிலும் காய்ச்சலும் ஐரோப்பியக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. கம்பெனி அதிகாரிகள் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிடுவது வழக்கம். மற்றவர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், இவர்கள் பிரான்சுக்கு அனுப்பினார்கள்.

அடெலின் தெ லெத்தாங் 1811-இல் வங்காள சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்டல் என்பவரை மணந்தார். எஞ்சி வளர்ந்த பெண்கள் எழுவர். தகப்பனார் 'இந்தியாவிலேயே பெரிய பொய்யர்' என்று பெயரெடுத்தவர், குடித்தே செத்தவர், உடலை ரம் பீப்பாயில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றபோது பீப்பாய் வெடித்தது என்றெல்லாம் ஒரு கதை உண்டு. உறுதியான செய்தி இவ்வளவுதான்: அவர் 1845-இல் கல்கத்தாவில் இறந்தார்; மனைவி அடெலினும் அதே ஆண்டு கடற்பயணத்தில் இறந்தார். பெற்றோர் இருவரையும் ஒரே ஆண்டில் இழந்தபோது உயிரோடிருந்த அறுவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டனர். பிற்காலத்தில் லண்டன் நண்பர்கள் அவர்களுடைய உலகத்துக்கே 'பாட்டல்டம்' என்று ஒரு நாட்டின் பெயரைப் போலப் பெயரிட்டனர்.

அவர்களின் மணங்களைக் கவனித்தால் ஒரு குறுக்குவெட்டு கிடைக்கும். மூத்தவர் அடெலின், மதராஸ் படையைச் சேர்ந்த காலின் மெக்கன்சியை மணந்தார் (சுவடிகள் தொகுத்த மெக்கன்சி அல்லர், அவர் 1821-இலேயே இறந்துவிட்டார்). ஜூலியா மார்கரெட் 1838-இல் மணந்த சார்லஸ் ஹே கேமரூன், மெக்காலேயோடு இந்தியத் தண்டனைச் சட்ட வரைவில் உழைத்தவர். அதற்கு முன் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த கோல்புரூக்–கேமரூன் ஆணையத்தில் பாதி. சாரா மணந்தது ஹென்றி தோபி பிரின்செப்பை. 1835-இல் மெக்காலே ஆங்கிலக் கல்விக் குறிப்பை எழுதியபோது அதை எதிர்த்துக் கீழைமொழிக் கல்விக்காக வாதாடியவர் இவர். இவர் தம்பி ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஒரே குடும்பத்தில் இரு மருமகன்கள், இந்தியாவை எந்த மொழியில் ஆள்வது என்ற சண்டையில் இரு அணியில் நின்றவர்கள். ஸ்டீபன் குலத்தில் மட்டும்தான் சிந்தனை இருந்தது, பாட்டல் குலத்தில் கன்னக்கதுப்புகளே இருந்தன என்ற படம் இந்த ஒரு செய்தியிலேயே உடைகிறது.

நான்காவது மகள் மரியா, வீட்டில் மியா. கல்கத்தாவில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு மருத்துவம் பார்த்த டாக்டர் ஜான் ஜாக்சனை மணந்து மூன்று பெண்களைப் பெற்றார்: அடெலின், மேரி, ஜூலியா. ஜூலியா பிரின்செப் ஜாக்சன் 7 பிப்ரவரி 1846-இல் கல்கத்தாவில் பிறந்தார். 1848-இல் தாய் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். தந்தை வந்து சேர்ந்தது 1855-இல். இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை அந்தப் பெண் வளர்ந்தது அம்மாவும் சித்தி பெரியம்மாக்களும் ஆண்ட வீட்டில். பிற்காலத்தில் லெஸ்லி ஸ்டீபன் தம் மாமனாரைப் பற்றி எழுதும்போது, மற்ற வீடுகளில் தகப்பனுக்கு இருக்கும் கணக்கு இந்த வீட்டில் அவருக்கு ஏனோ இல்லை என்ற பொருள்படக் குறித்தார். 'ஏனோ' என்பதற்கு லெஸ்லி விடை தேடவில்லை. விடை எளிது. அது தாய்வழியில் இயங்கிய குடும்பம்.

அதற்குச் சான்று பெயர்கள். நம்மூரில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பதுபோல இவர்களும் வைத்தார்கள். ஆனால் வைத்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1793-இல் புதுச்சேரியில் பிறந்தவர் முதல் அடெலின். அவருடைய மூத்த மகள், 1812-இல் பிறந்த இரண்டாம் அடெலின், 1836-இல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1837-இல், தங்கை மரியாவுக்குப் பிறந்த பெண் மூன்றாம் அடெலின் ஆனாள். அந்த அடெலின், ஜூலியாவின் அக்காள், 1881-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 25 அன்று ஜூலியாவுக்குப் பிறந்த பெண்ணுக்கு அடெலின் வர்ஜீனியா என்று பெயரிட்டனர். நான்காம் அடெலின், வர்ஜீனியா வுல்ஃப். இறந்தவளின் இடம் ஓராண்டுக்குள் நிரப்பப்படுகிறது, இருமுறையும். முதற்பெயர் துயரத்தைக் கிளறியதால் வீட்டில் புழங்கவில்லை. இரண்டாம் பெயரும் சீமாட்டி சோமர்ஸ் ஆகியிருந்த பாட்டல் சகோதரி வர்ஜீனியாவினுடையது. முன்னரே பிறந்த அண்ணனுக்கும் விலக்கில்லை என்பதற்கு 'தோபி' என்ற பெயர் போதும்: அது பிரின்செப்பிடமிருந்து வந்தது. வர்ஜீனியாவும் தோபியும் தந்தையின் குடும்பப்பெயரைத் தாங்கினாலும் அழைக்கப்பட்டது தாய் வழியின் பெயர்களால்.

இனி அழகுக்கு வருவோம். 1850களின் தொடக்கம் முதல் 1875 வரை கென்சிங்டனில் பிரின்செப் தம்பதியர் குடியிருந்த லிட்டில் ஹாலண்ட் ஹவுஸ், லண்டனின் மிகப் பேசப்பட்ட வீடுகளில் ஒன்று. ஓவியர் ஜி.எஃப். வாட்ஸ் மூன்று நாள் தங்க வந்தவர் என்றும் முப்பது ஆண்டு தங்கிவிட்டார் என்றும் சாரா வேடிக்கையாகச் சொல்வாராம். முப்பது மிகை, இருபதுக்கு மேல் உண்மை. டென்னிசன், தாக்கரே, பர்ன்-ஜோன்ஸ், ஹோல்மன் ஹன்ட் எல்லாரும் வந்தார்கள். சகோதரிகள் தங்களுக்குள் இந்துஸ்தானியில் பேசிக்கொண்டார்கள். அக்காலத்து ஆங்கிலப் பெண்களின் கூண்டுப் பாவாடைகளை ஒதுக்கி, தாமே வடிவமைத்த தளர்ந்த அங்கிகளையும் இந்தியச் சால்வைகளையும் அணிந்தார்கள். லண்டன் இதை அயல்தன்மை என்று தள்ளியிருக்கலாம். ஓவியர்கள் அதையே அழகியல் என்று பெயர்மாற்றிக் கொடுத்தார்கள். குடும்பத்தின் பிறப்பிடம் ஐயத்துக்குரியதாக இருந்த இடத்தில் அதன் தோற்றம் மெச்சத்தக்கதாக மாறியது. கம்பெனி ஊழியரின் மகள் ஒரு பிரபுவின் மனைவியாக முடிந்தது இந்த மாற்றத்தினால்தான்.

சகோதரிகளில் அழகி என்று பெயர் வாங்காதவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். கேமராவைக் கையில் எடுத்தவரும் அவரே. 48 வயதில், 1863 டிசம்பரில், மகள் பரிசளித்த கருவியோடு தொடங்கிய அவர், தங்கை மகள் ஜூலியாவை ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை படமெடுத்தார். கேமரூன் பொதுவாகத் தம் மாதிரிகளுக்கு வேடமிட்டார். வேலைக்காரப் பெண் மரியன்னை ஆவாள், அண்டை வீட்டுக் குழந்தை தேவதையாகும். ஜூலியாவின் படங்கள் பெரும்பாலும் வேடமற்றவை. ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழ, கண் நேராகப் பார்க்க, பெயரும் அவர் பெயராகவே இருக்கும். ஹோல்மன் ஹன்டும் சிற்பி வூல்னரும் மணம் கேட்டார்கள்; இருவரையும் மறுத்தார். பர்ன்-ஜோன்ஸின் 'மங்கள வார்த்தை' ஓவியத்தில் மரியன்னைக்கு மாதிரியானபோது அவர் வயிற்றில் வர்ஜீனியாவின் அக்காள் வனெஸா இருந்தாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அழகிய பெண்களுக்கு இதற்கு மேல் ஒரு கடமையும் இல்லை. ஜூலியாவுக்கு இருந்தது, தாயிடமிருந்து வந்தது. மியா ஓயாத நோயாளி. அக்காள்மார் இருவரும் மணமாகிப் போனபின் பதின்வயதுக் கடைக்குட்டியே செவிலியானார். மருத்துவரின் வீடு என்றாலும் நோயைப் பற்றிய பேச்செல்லாம் தாய்க்கும் மகளுக்கும் இடையில்தான் ஓடியது. மணத்துக்குப் பின்னும், தாய் 1892-இல் இறக்கும்வரை, வலி, உறக்கம், மருந்து என்று கடிதங்கள் குவிந்தன.

1867 மே மாதம் ஜூலியா வழக்கறிஞர் ஹெர்பர்ட் டக்வொர்த்தை மணந்தார். 1870 செப்டம்பரில் மனைவிக்காக அத்திப்பழம் பறிக்கக் கையை நீட்டியபோது உள்ளே இருந்த சீழ்க்கட்டி உடைந்து அவர் இறந்தார். 24 வயதில் கைம்பெண். இரண்டு குழந்தைகள், மூன்றாவது ஆறு வாரம் கழித்துப் பிறந்தது. அதோடு இறைநம்பிக்கை போயிற்று. எட்டு ஆண்டுகள் தனியே இருந்து, மனைவியை இழந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் லெஸ்லி ஸ்டீபனை 26 மார்ச் 1878-இல் மணந்தார். அவரிடம் மனவளர்ச்சி குன்றிய மகள் லாரா, இவரிடம் மூவர், இருவருக்குமாகப் பிறகு நால்வர். எட்டுக் குழந்தைகளின் வீடு.

அந்த வீட்டிலிருந்து 1883-இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது: 'நோட்ஸ் ஃப்ரம் சிக் ரூம்ஸ்', நோயறைக் குறிப்புகள். ஆய்வாளர்கள் இதை நல்ல உள்ளத்தின் சான்றாகப் படிக்கிறார்கள். நான் இதை ஒரு எழுத்தாளரின் நூலாகப் படிக்கிறேன். படுக்கையில் சிந்தும் ரொட்டித் துகள் பற்றி அவர் செலவிடும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் எத்தனையோ பொருள்களின் தோற்றத்தை ஆராய்ந்துவிட்ட அறிவியலாளர் இந்தத் துகளின் தோற்றத்தை மட்டும் கவனிக்கவில்லையே என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குறைப்படுகிறார். டார்வின் இறந்து ஓராண்டே ஆகியிருந்தது. தத்துவமும் பரிணாமமும் பேசும் ஆண்கள் உணவு மேசையைச் சூழ்ந்திருந்த வீட்டில் எழுதப்பட்ட கேலி இது. துகள் எங்கே ஒளிகிறது, தலையணை மடிப்பில் எப்படித் தங்குகிறது, ஈரவிரலால் எப்படி எடுப்பது என்று பார்வை மேலும் மேலும் நெருங்கிப்போகிறது. பெரிய பொருள்களுக்கு உரிய கவனத்தை மிகச் சிறிய பொருளுக்குக் கொடுக்கும் இந்த நடை யாருக்குப் பின்னாளில் கைவந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1926-இல் மகள் 'ஆன் பீயிங் இல்' கட்டுரையில் நோயை இலக்கியம் ஏன் ஒதுக்கியது என்று கேட்டபோது, கேள்வி தாயின் படுக்கைத் துகளிலிருந்தே பிறந்திருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. தாய் கட்டிலருகே நின்று எழுதினார். மகள் கட்டிலில் படுத்து எழுதினார்.

நோயாளி கவலையோடு கேட்கும் கேள்விகளுக்குத் தயங்காமல் பொய் சொல்லலாம் என்றும் அந்நூலில் ஓர் அறிவுரை உண்டு. இந்தியாவின் பெரிய பொய்யர் என்று பெயரெடுத்தவரின் பேத்தி அல்லவா.

ஜூலியா எழுதியது இதோடு நிற்கவில்லை. சொந்தப் பிள்ளைகளுக்காகக் கதைகள் எழுதினார். வீட்டுப் பணியாளரைப் பற்றியும் இறைநம்பிக்கையற்ற பெண்களின் கடமையுணர்வைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். இவை 1987-இல்தான் அச்சேறின. பெண்களுக்கு வீட்டில் பாடம் சொன்னவரும் அவரே. 1891 முதல் பிள்ளைகள் நடத்திய 'ஹைட் பார்க் கேட் நியூஸ்' என்ற கையெழுத்து இதழைத் தாய் படித்து என்ன சொல்வாரோ என்று காத்த நினைவை வர்ஜீனியா முதுமையின் வாசலில் பதிவுசெய்திருக்கிறார். அவர் முதன்முதலில் எதிர்கொண்ட விமரிசகர், அகராதிப் பதிப்பாசிரியரான தந்தை அல்லர்.

அகராதியைச் சொன்னதால் ஒன்று குறிப்பிட வேண்டும். 1886-இல் வெளிவந்த எட்டாம் தொகுதியில் ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பற்றிய பதிவு ஜே.பி.எஸ். என்ற முதலெழுத்துகளோடு இருக்கிறது. எழுதியவர் ஜூலியா பிரின்செப் ஸ்டீபன். தந்தையர் குலத்தின் நினைவுச்சின்னமான அந்த அகராதிக்குள் பாட்டல் குலத்துப் பெண்ணொருவரை, கலைஞர் என்ற தகுதியில், அவர் கொண்டுபோய் நிறுத்தினார். நாற்பது ஆண்டு கழித்து, 1926-இல், கேமரூனின் ஒளிப்படத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய வுல்ஃப் அகராதிப் பதிவின் வடிவிலேயே தொடங்குகிறார்: பெயர், தகப்பன், சேவை, பிறந்த நாள். அடுத்த மூச்சில் பொய்யரும் ரம் பீப்பாயும் வந்துவிடுகின்றன. தாய் அடக்கத்தோடு எழுதிய பதிவை மகள் வெடிக்கவைக்கிறார். அந்த முன்னுரையில் பிரெஞ்சு வீரர் இருக்கிறார். சந்திரநாகூர்ப் பெண் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ஜூலியாவை இப்படி மீட்டெடுப்பது வரலாற்றுக்கு மாறு என்று ஒருவர் சொல்லலாம். 1889 ஜூனில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று திருமதி ஹம்ஃப்ரி வார்டு திரட்டிய விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். 1931-இல் ஓர் உரையில் வுல்ஃப், எழுத்தாளராக வேண்டுமானால் 'வீட்டின் தேவதை'யைக் கொன்றாக வேண்டும் என்று அறிவித்தபோது மனத்தில் இருந்த உருவம் யாருடையது என்பதிலும் ஐயமில்லை. கையெழுத்தை நான் மழுப்பப் போவதில்லை. பெண்ணின் அதிகாரம் உறவுமுறையில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை என்பது அவர் பிறந்த வீடு கற்றுக்கொடுத்த பாடம். அங்கே தகப்பனுக்கே கணக்கில்லாதபோது வாக்குச்சீட்டு எதற்கு என்று தோன்றியிருக்கும். அந்தப் பாடம் வசதியான குடும்பத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அவர் காணவில்லை. அந்த அளவுக்கு அவர் பார்வை குறையுடையது. ஆனால் தேவதை என்ற சொல் 1854-இல் தொடங்கிய கவென்ட்ரி பாட்மோரின் நெடும்பாடலிலிருந்து வந்தது. அந்தத் தேவதைக்கு நூல் எழுதும் வழக்கமில்லை, ஆண் அறிவியலாளரைக் கேலி செய்யும் வழக்கமுமில்லை. வுல்ஃப் மைக்கூட்டை எறிந்து கொன்றது தாயின் ஒரு பாதியை. மறுபாதி அந்த மைக்கூட்டிலேயே இருந்தது.

நாவலுக்கு வருவோம். ஜூலியா 5 மே 1895-இல் இன்ஃபுளுவென்சாவின் பின்விளைவால் இறந்தார். 'டு த லைட்ஹவுஸ்' சரியாக 32 ஆண்டு கழித்து அதே மே 5 அன்று வெளியிடப்பட்டது. அதில் திருமதி ராம்ஸே தம் உடலில் ஓடும் குருதியைப் பற்றி எண்ணும் இடம் ஒன்று உண்டு. உயர்ந்த, சற்றே கட்டுக்கதை கலந்த ஓர் இத்தாலியக் குலம் தம் முன்னோர் என்று நினைத்துக்கொள்கிறார். ஆங்கிலப் பெண்களின் மந்தத்தனம் தம்மிடம் இல்லாததற்கு அதைக் காரணமாக்குகிறார். புதுச்சேரி வெர்சாய் ஆயிற்று, வெர்சாய் இத்தாலி ஆயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் வேர் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. எனினும் 'கட்டுக்கதை கலந்த' என்ற அடைமொழியை வுல்ஃப் நீக்கவில்லை. குடும்பம் உரக்கச் சொன்ன கதையை அவர் முழுக்க நம்பவில்லை என்பதற்கு அந்த அடைமொழியையே நான் சான்றாகக் கொள்கிறேன். மூடப்பட்ட இந்தியா வேறு வழிகளில் கசிந்தது. 'மிஸஸ் டாலவே'யில் பீட்டர் வால்ஷ் மூன்று தலைமுறையாக இந்தியாவை ஆண்ட குடும்பத்துக்காரர். 'த வேவ்ஸ்' நாவலின் பெர்சிவல் குதிரையிலிருந்து விழுந்து இறப்பது இந்தியாவில். வழக்கமான விளக்கம் இவற்றைப் பேரரசின் மீதான பொதுவான விமரிசனமாகக் கொள்கிறது. அது தவறல்ல, குறைபட்டது. பேரரசு வுல்ஃபுக்குச் செய்தித்தாள் விஷயமாக இருந்ததில்லை. அவர் முதற்பெயரிலேயே இருந்தது.

கேமரூன் தம்பதியர் 1875-இல் இலங்கையிலிருந்த தங்கள் காப்பித் தோட்டங்களுக்கே திரும்பிப்போனார்கள். களுத்துறையில் குடியிருந்தபோது கேமரூன் அவ்வூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர்கள் இங்கிலாந்தை விட்டுப் புறப்படும்போது சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனார்கள் என்ற குடும்பக் கதையை வைத்து வுல்ஃப் 'ஃப்ரெஷ்வாட்டர்' என்ற வேடிக்கை நாடகத்தை எழுதினார். 18 ஜனவரி 1935 அன்று அக்காள் வனெஸாவின் ஓவியக்கூடத்தில் அது நண்பர்களுக்காக நடிக்கப்பட்டது. கேமரூனாக வனெஸா நடித்தார். இலங்கைக்குப் புறப்படத் துடிக்கும் சார்லஸ் ஹே கேமரூனாக நடித்தவர், யாழ்ப்பாணக் கச்சேரியிலும் அம்பாந்தோட்டையிலும் அதிகாரியாக இருந்துவிட்டு 1911-இல் ஊர் திரும்பிய, வர்ஜீனியாவின் கணவர் லெனார்ட் வுல்ஃப். வாட்ஸ் வருகிறார், டென்னிசன் வருகிறார், நடிகை எலன் டெரி வருகிறார், ஒரு கணம் விக்டோரியா அரசியும் வருகிறார். நாடகம் காட்டும் அதே ஆண்டுகளில் கேமரூனின் கண்ணாடித் தகடுகளில் திரும்பத் திரும்பப் பதிவான ஜூலியா ஜாக்சனுக்கு அந்நாடகத்தில் பாத்திரம் இல்லை. பாட்டல் குலம் முழுவதையும் சிரிப்புக்குரியதாக்கத் துணிந்த மகள் தாயை மட்டும் அந்த மேடையில் ஏற்றவில்லை.